ஆஃப் எங்கே உட்காரும்?

மலர்க்குழுச் செயலாளர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, "வேலையில்லாத் திண்டாட்டம் பற்றி எழுதுப்பா" என்றார். அதை வருடா வருடம் யாராவது எழுதத்தான் செய்கிறார்கள். நான் எழுதப் போவது அதைவிடச் சின்ன விஷயம். ஆனால் வேலைக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு. ஆங்கிலத்தில் வினைச்சொல்லோடு ஒட்டிக்கொண்டு திரிகிற ஆன், ஆஃப், அப், டவுன், அவுட் என்ற குட்டிச் சொற்களைப் பற்றித்தான்.

சென்ற வருடம் இன்பிளாண்ட் டிரெயினிங் போன இடத்தில், தமிழ் தெரியாத ஒரு இன்ஜினியர் என் கையில் ஷாஃப்ட் ஒன்றைக் கொடுத்து, "டர்ன் இட் டவுன் டு ட்வென்டிஃபைவ்" என்றார். டர்ன் என்றால் திருப்பு, டவுன் என்றால் கீழே. நான் ஷாஃப்டைத் தலைகீழாகத் திருப்பி சக்கில் மாட்டிவிட்டு, அடுத்து என்ன என்று பார்த்துக்கொண்டு நின்றேன்! அவர் சொன்னது, கடைந்து விட்டத்தை 25 மில்லிமீட்டருக்குக் குறை என்று. அதைத் தமிழில் சொல்லியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு செய்திருப்பேன். அதற்கப்புறம் மூன்று நாள் எனக்குக் கிடைத்தது சிப்ஸ் அள்ளுகிற வேலைதான்.

என் கதை சிரிப்போடு போயிற்று. என் அறைத்தோழன் கதை அப்படியல்ல. லேத்தில் அவன்தான் எங்கள் வகுப்பிலேயே கெட்டி. ஒரு கம்பெனி இன்டர்வியூவில், "கட்டிங் நடக்கும்போது கரண்ட் போனால் என்ன செய்வாய்?" என்று கேட்டார்கள். மெயினை அணைக்க வேண்டும், ஃபீடை விடுவிக்க வேண்டும், டூலை ஜாபிலிருந்து பின்னுக்கு இழுக்க வேண்டும். கரண்ட் திரும்பி வரும்போது மெஷின் தானாக ஓடிவிடக் கூடாதல்லவா! எல்லாம் அவனுக்குத் தெரியும். "ஃபர்ஸ்ட் ஐ வில் ஸ்விட்ச் ஆஃப் இட்" என்று ஆரம்பித்தான். எதிரே இருந்தவர் மெதுவாக, "ஸ்விட்ச் இட் ஆஃப்" என்று திருத்தினார். அவர் திருத்தியது இலக்கணத்தை. இவன் நினைத்தது, லேத்தைப் பற்றித் தான் சொன்ன பதிலே தப்பு என்று! உடனே வரிசையை மாற்றினான், குழம்பினான், கடைசியில் பேசாமல் உட்கார்ந்துவிட்டான். வேலை போயிற்று.

ஒரு "இட்" உட்கார வேண்டிய இடம் தெரியாததால் வந்த வினை இது. அதைத் தெரிந்துகொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? பத்து நிமிடம்.

மோட்டார் என்ற பெயரைச் சொல்லும்போது "ஸ்விட்ச் ஆஃப் த மோட்டார்" என்றும் சொல்லலாம், "ஸ்விட்ச் த மோட்டார் ஆஃப்" என்றும் சொல்லலாம். மோட்டாருக்குப் பதில் இட், தெம், ஹிம் என்று பிரதிப்பெயர் வந்துவிட்டால் அந்த இரண்டு வழி கிடையாது. நடுவில்தான் வர வேண்டும். "டேக் இட் அவுட்", "புட் தெம் ஆன்". காரணமும் இருக்கிறது. "இட்" என்பது ஏற்கெனவே தெரிந்த பொருள். அதை நாக்கு அழுத்தாமல் தாண்டிப் போகும். புதுச் செய்தி "ஆஃப்"பில்தான் இருக்கிறது. அழுத்தம் விழுகிற சொல்லைக் கடைசியில் வைப்பது ஆங்கிலத்தின் பழக்கம்.

நம் வீட்டில் என்ன சொல்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள் நண்பர்களே. "அதை ஆஃப் பண்ணு." ஆங்கிலத்திலிருந்து நாம் ஸ்விட்சைக் கூட எடுக்கவில்லை, ஆஃபை மட்டும் எடுத்துக்கொண்டு நம்முடைய "பண்ணு"வை மாட்டிவிட்டோம். உயிர் எந்தச் சொல்லில் இருக்கிறது என்று எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டிக்கே தெரிந்திருக்கிறது! "அதை ஆஃப்", "இட் ஆஃப்" — வரிசை ஒன்றேதான். கடைசியில் இருக்கிற வினையைத் தூக்கி முன்னால் போட்டால் ஆங்கிலம்.

எல்லாக் குட்டிச் சொல்லும் இப்படி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். "லுக் அட் இட்" என்பதை "லுக் இட் அட்" ஆக்கினால் அதுவும் தப்பு. அட், ஃபார், வித் எல்லாம் நம் வேற்றுமை உருபு மாதிரி, பெயரைச் சேர்ந்தவை. அதனால் பெயருக்கு முன்னாலேயே நிற்கும். ஆஃப், அவுட், டவுன் என்பவை, நம் "அணைத்துவிடு", "எடுத்துப்போடு"வில் வருகிற விடு, போடு மாதிரி, பெரும்பாலும் வினையைச் சேர்ந்தவை. லுக் ஆஃப்டர் போன்ற சிலவற்றைப் பழகித்தான் தீர வேண்டும்.

நமக்கு மட்டும்தான் இந்தத் திண்டாட்டம் என்று கூச்சப்படவும் வேண்டாம். 1755-இல் அகராதி போட்ட சாமுவேல் ஜான்சனே, அயல்நாட்டாருக்கு மிகவும் கஷ்டமானது இந்தச் சேர்க்கைதான் என்று முன்னுரையில் எழுதியிருக்கிறார். அப்படியிருந்தும் என் முதலாண்டு ஆங்கில நோட்டில் இதற்கு ஒரு பக்கம் கூட இல்லை. செய்வினை, செயப்பாட்டுவினை மாற்றம் இருபது பக்கம் இருக்கிறது. மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு யாராவது செயப்பாட்டுவினையில் கத்துவார்களா?

"இங்கிலீஷ் என்னத்துக்கு மாப்ளே, கை வேலை செஞ்சா போதும்" என்று ஒரு சீனியர் அண்ணன் சொன்னார். கை வேலை செய்ய, முதலில் அந்த மெஷின் கிட்டே விட வேண்டுமே அண்ணே! இலக்கியம் படைக்க நான் ஆங்கிலம் கேட்கவில்லை. ஒர்க் ஷாப்பில் புழங்குகிற நாற்பது ஐம்பது சேர்க்கைகளை, ஒர்க் ஷாப்பிலேயே, மெஷினைத் தொட்டுக் காட்டிச் சொல்லிக்கொடுங்கள் என்கிறேன். ஆங்கில ஆசிரியர் வாரம் ஒரு மணி நேரம் அங்கே வந்தால் போதும். மாணவர் மன்றம் இதை முதல்வரிடம் கேட்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

அதுவரைக்கும் சும்மா இருப்பானேன் என்று, மூன்றாம் லேத்துக்குப் பக்கத்துத் தூணில் சாக்பீஸால் எழுதி வைத்தேன். ஸ்விட்ச் இட் ஆஃப். பேக் இட் ஆஃப். டேக் இட் அவுட். கிளீன் இட் அப். திட்டு விழும் என்றுதான் நினைத்தேன். ஃபோர்மேன் சார் வந்து படித்தார், கீழே கிடந்த ஸ்பானர்களைப் பார்த்தார், என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கி ஐந்தாவதாக ஒன்று எழுதினார்: "புட் தெம் பேக்."

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை