‘950 மீட்டர்தானே!’ - குளிர்காலத்தில் ஆளை ஏமாற்றும் ஹெல்வெலின் மலை

இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் பகுதியில் இருக்கும் ஹெல்வெலின் மலையின் உயரம் வெறும் 950 மீட்டர். எவரெஸ்ட் வீடியோவா பார்த்துத் தள்ளுறவங்களுக்கு இது ஜுஜுபியாத்தான் தெரியும். சிக்கலே அதுதான்.

உச்சிக்குப் போக சுலபமான வழிகள் இருக்கு. ஆனா, போட்டோவுக்காக எல்லோரும் தேடிப் போறது ‘ஸ்ட்ரைடிங் எட்ஜ்’ என்ற பாறை விளிம்பை. ரெண்டு பக்கமும் கிடுகிடு பள்ளம். சில இடங்களில் கையையும் ஊன்றித்தான் ஏறணும். கோடையில் கயிறு இல்லாமலே பலர் போயிட்டு வர்றாங்க. குளிர்காலத்தில் அதே பாறையில் ஐஸ் படிஞ்சிருக்கும். விளிம்பைத் தாண்டிட்டோம்னு மூச்சு விடுற இடத்துலதான் நிஜ வில்லன் காத்திருக்கு: உச்சிக்கு முந்தைய செங்குத்துச் சரிவு. பனி இறுகி, கண்ணாடி மாதிரி ஆகிடும். பூட்ஸுக்கு அடியில் மாட்டும் இரும்பு முட்களும் ஐஸ் கோடரியும் இல்லாம அங்கே கால் வைக்கிறது தற்கொலைக்குச் சமம். வாங்கினா மட்டும் போதாது, பயன்படுத்தவும் தெரியணும்.

‘வெதர் மோசமானா திரும்பிடலாமே?’ பாறையில் ஏறுறதைவிட இறங்குறது கஷ்டம். மேகம் மூடி, காற்று ஆளைத் தள்ள ஆரம்பிச்ச பிறகு வந்த வழியே தெரியாது. அதனால திரும்புற முடிவை விளிம்பில் கால் வைக்கிறதுக்கு முன்னாடியே எடுத்தாகணும். டிசம்பர் கடைசியில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைஞ்சிடும். குளிர்ல போன் சார்ஜும் மளமளனு இறங்கும். மேப், டார்ச், உதவிக்கான அழைப்புனு எல்லாமே அந்த ஒரு போன்லதானே?

அழைச்சா வர்றவங்க சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். 2021 பிப்ரவரியில், கொரோனா ஊரடங்கை மீறி பக்கத்து மலையில் கேம்ப் போட்ட ஒருவருக்கு நெஞ்சுவலி. இருட்டில் உதவப்போன மீட்புக் குழு தன்னார்வலர் சுமார் 150 மீட்டர் கீழே விழுந்தார். முதுகெலும்பில் படுகாயம், அதன் பிறகு சக்கர நாற்காலிதான். கேம்ப் போட்டவங்களுக்கு அபராதம், ஆளுக்கு 200 பவுண்ட்!

இத்தனைக்கும் தகவல் இல்லாத மலையா இது? குளிர்கால மாதங்களில் இதுக்குன்னே நியமிக்கப்பட்ட ஒருவர் தினமும் ஹெல்வெலினில் ஏறி, பனி எவ்வளவு, ஐஸ் எங்கே, காற்று என்ன வேகம்னு பார்த்து ‘வெதர்லைன்’ தளத்தில் ரிப்போர்ட் போடுறார். நம்ம போன் காட்டுறது பெரும்பாலும் அடிவாரத்து ஊரின் வெதரை. அவர் சொல்றது, அன்னிக்கு உச்சியில் நின்னு பார்த்ததை.