பெயர் பெற்ற காளான்

விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம், வானத்தை நோக்கி வாழும் ஊர்களுள் ஒன்று. அதனைச் சூழ்ந்த கரிசல் நிலம் மழைக்கு ஏங்கும். ஆயினும் சிவகாசிப் பக்கத்துத் தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் வெயிலை நம்பியே நடைபெறுவன. மழை பெய்தால் களத்தில் பரப்பியவை காயா. கூலியும் கைக்கு வாராது. ஆதலின் அந்நாட்டில் மழை வரும்போது ஒரு வீட்டில் மகிழ்ச்சியும் அடுத்த வீட்டில் கவலையும் தோன்றுதல் இயல்பு. இவ்விரு வீட்டாரும் ஒருங்கே விரும்பும் பொருள் ஒன்றை மழை தருமாயின், அது புற்றுக்காளானே எனலாம். இடியும் மழையும் ஓய்ந்த விடியற்காலையில் தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் பலவற்றில், புற்றின் அருகே வெள்ளைக் குடைகள் விரிந்து நிற்கும். சிறுவர் அவற்றைக் கண்டுபிடித்து மடியில் கட்டிக்கொண்டு ஓடிவருவர்.

இத்தகைய புற்றுக்காளான்களுள் ஓர் இனம் 1979 ஆம் ஆண்டிலேதான் அறிவியலுலகில் ‘புதிய இனம்’ என்று பதிவு பெற்றது. சென்னைப் பல்கலைக்கழகத்துக் காளான் ஆய்வாளராகிய கே. நடராஜன், ‘மைக்கலோஜியா’ என்னும் அமெரிக்க ஆராய்ச்சி இதழில் அதனை விரித்துரைத்து, ‘டெர்மிட்டோமைசிஸ் ஹெய்மை’ என்று பெயரிட்டார். இச்செய்தியைக் கேட்டு நகைப்பாரும் உளர். “பாட்டி காலம் முதல் குழம்பில் கொதித்த பொருள் எங்ஙனம் புதியதாகும்?” என்பது அவர் வினா. வினா நேரியதே. ஆனால் ஒன்றைக் கண்டறிதல் வேறு. அதனைக் காணாதவனும் ஐயமின்றி இனங்காணுமாறு எழுதி வைத்தல் வேறு. முன்னையது ஊரார் செய்தது. பின்னையது செய்யப்படும்வரை, ஓர் ஊரில் அறிந்த காளானும் மற்றோர் ஊரில் அறிந்த காளானும் ஒன்றா வேறா என்று முடிவுசெய்ய வழியில்லை. ஆம்பி என்னும் சொல் சங்கப் பாட்டிலேயே உள்ளது. புலவர், வறியவன் வீட்டு அடுப்பில் அது முளைத்ததாகப் பாடினர். அஃது எந்த ஆம்பி என்று இன்று யாராலும் கூற இயலாது.

புற்றுக்காளானின் வரலாறு எளிதில் விளங்கியதன்று. 1768 ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்த மருத்துவர் கோனிக் என்பவர், செடியறிஞர் லின்னேயசின் மாணவர். அவர் தமிழ்நாட்டுக் கறையான்களைக் கூர்ந்து நோக்கி 1779 ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். கறையான் கூட்டினுள்ளே காளான் வளர்தல் அக்கட்டுரையில் குறிக்கப்பெற்றது. பின்னர் இலங்கையிலிருந்து சென்ற ஒரு சிறு காளானை, 1871 ஆம் ஆண்டில் பெர்க்லி, புரூம் என்னும் ஆங்கிலேயர் இருவர் விளக்கினர். விரல் நுனியளவே உள்ள அக்காளான் நூற்றுக்கணக்கில் ஒருங்கே முளைப்பது. அவர்கள் அதனைப் பொதுவான வேறொரு பேரினத்தில் வைத்தனர். 1942 ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹெய்ம் கறையான்களோடு வாழும் காளான்களைத் தனிப் பேரினமாக வகுத்த பின்னரே, அச்சிறு காளான் தன் உறவினரிடம் வந்து சேர்ந்தது. நடராஜன் தாம் கண்ட இனத்திற்கு இட்ட பெயர் அந்த ஹெய்மைச் சிறப்பிப்பதே. ஒரு புற்றின் பொருளை உணர்த்தத் தரங்கம்பாடியும் கண்டியும் பாரிசும் சென்னையும் இருநூறு ஆண்டுகள் உழைத்தன!

அப்புற்றினுள் நடைபெறும் வேளாண்மை வியப்பிற்குரியது. கறையான்கள் காய்ந்த இலையையும் மரத்தையும் தின்று, அரைகுறையாகச் செரித்த கழிவினால் கடற்பஞ்சு போன்ற அடைகளைக் கட்டுகின்றன. அவ்வடைகளில் காளான் இழைகள் படர்ந்து, கறையான்கள் தாமே செரிக்கமாட்டாத கடினப் பகுதிகளைச் சிதைத்து உணவாக்குகின்றன. இழைகளில் தோன்றும் வெள்ளிய சிறு உருண்டைகளையும், பதமான பழைய அடைகளையும் கறையான்கள் உண்கின்றன. மழை பெய்து மண் நனைந்ததும், அடையிலிருந்து வேர்போன்ற நீண்ட தண்டொன்று மேல்நோக்கி எழுகின்றது. அதன் தலையில் ஊசிபோல் இறுகிய முனை அமைந்துள்ளது. மண்ணைத் துளைக்கும் கருவி அது. இலங்கையிலிருந்து சென்ற சிறு இனமோ இத்தகைய நீண்ட வேரை வளர்ப்பதில்லை. கறையான்கள் வெளியே கொண்டுவந்து பரப்பிய அடைத்துகள்களின் மேலேயே முளைத்துவிடும். மனிதன் நிலத்தில் ஏர் பூட்டுவதற்கு நெடுங்காலம் முன்னரே இவ்வுழவு தொடங்கிவிட்டது.

ஓர் இனத்தைப் புதிது என்று நிறுவுதல் பொறுமையுடையார்க்கே கைகூடும். காளானை வேரோடு எடுத்தல் வேண்டும். நிறமும் மணமும் சில மணி நேரத்தில் மாறிவிடுமாதலின், அவ்விடத்திலேயே குறித்துக்கொள்ளுதல் வேண்டும். குடையைக் கவிழாமல் வெள்ளைத் தாளின்மேல் ஓரிரவு வைத்தால், கீழ்ப்புறத்து மடிப்புகளிலிருந்து வித்துத்துகள் உதிர்ந்து தாளில் நிறம் படியும். அத்துகளின் வடிவையும் அளவையும் உருப்பெருக்காடியில் அளத்தல் வேண்டும். மரபுப் பொருளை ஆராய்ந்து உறவு காண்பதும் இக்காலத்து வழக்கம். உலர்த்திய மாதிரி ஒன்று, பின்வருவோர் ஒப்பிட்டு நோக்குமாறு, உலர்தாவரத் தொகுப்பில் வைக்கப்பெறும். உண்மையில் இனத்தின் பெயர் ஒட்டியிருப்பது அவ்வுலர்ந்த மாதிரியோடுதான். பழைய நூல்களையெல்லாம் புரட்டி, இதனை முன்னர் யாரும் விளக்கவில்லை என்று தெளிந்த பின்னரே புதுப் பெயர் இட உரிமை உண்டு.

இவ்வளவு உழைப்பும் ஒரு சிறு காளானுக்கா என்று கேட்பார்க்கு மேகாலய மாநிலத்துச் செய்தியொன்றைக் கூறலாம். அங்கு இறந்த மூங்கிற் கழிகளில் இரவில் பசுமையொளி வீசும் மெல்லிய காளான் ஒன்று உண்டு. குடையன்று, அதன் தண்டும் இழைகளுமே ஒளிர்வன. அம்மக்கள் ஒளிரும் கழிகளைக் கையிற் கொண்டு காட்டு வழியில் இரவில் நடந்தனர். மழைக்காலத்துக் காளான்களைத் தேடிச் சென்ற ஆய்வாளர் குழுவினர்க்கு அதனை அறிவித்தவரும் அவ்வூராரே. 2020 ஆம் ஆண்டில் அது ‘ரோரிடோமைசிஸ் பில்லோஸ்டாக்கிடிஸ்’ என்னும் புதிய இனமாக வெளியிடப்பெற்றது. அவ்வூரார் காட்டாதிருந்தால், பகலில் சென்று பகலில் திரும்பும் அறிஞர் அதனைக் காணாமலே போயிருத்தல் கூடும். ஆதலின் “ஊரறிவு போதும், ஆராய்ச்சி வேண்டா” என்பாரும், “ஆராய்ச்சியே அறிவு, ஊர்ப்பேச்சு வெறுங்கதை” என்பாரும் ஒருபுறமே நோக்குகின்றனர்.

உலகில் பூஞ்சையினங்கள் 22 இலட்சம் முதல் 38 இலட்சம் வரை இருக்கலாம் என்று 2017 ஆம் ஆண்டில் அறிஞர் மதிப்பிட்டனர். அவற்றுள் பெயர் பெற்றவை ஏறத்தாழ ஒன்றரை இலட்சமே. எஞ்சியவற்றுள் பல தொலைவிலுள்ள பெருங்காடுகளிலே மட்டும் மறைந்திருப்பன என்று எண்ணலாகாது, வேலியோரத்திலும் இருக்கும். ஆலங்குளத்தில் சுண்ணாம்புக்கல்லை நம்பி 1970 ஆம் ஆண்டில் அரசின் சிமெண்டு ஆலை எழுந்தது. பூமிக்கடியில் கிடந்த கல்லின் தரத்தைத் தேர்ந்தறிந்தவர் பலர். அதே மண்ணில் மழைக்கு முளைப்பவற்றை எண்ணிப் பார்த்தவர் மிகச் சிலரே. கல்லுக்கு விலை உண்டு என்பது காரணம். விலையற்றதற்கு விளக்கமும் வேண்டா என்னும் எண்ணம் தவறானது. புற்று நின்ற மேட்டை இயந்திரம் ஒரு நாளில் சமமாக்கிவிடும். அடை அழிந்தால் அடுத்த மழைக்கு அவ்விடத்தில் காளான் இல்லை. பெயரும் விளக்கமும் பெறாத இனம் அவ்வாறு அழிந்தால், அழிந்தது என்ற செய்தியும் எஞ்சாது.

இப்பணியில் மொழியைப் பற்றியும் ஒன்று கூறுதல் தகும். செடிகளுக்கும் பூஞ்சைகளுக்கும் உரிய பன்னாட்டு விதிகளின்படி, புதிய இனத்தின் விளக்கம் 2011 ஆம் ஆண்டு இறுதிவரை இலத்தீனில் எழுதப்பெறுதல் வேண்டியிருந்தது. 2012 ஆம் ஆண்டு முதல் ஆங்கிலமும் ஏற்கப்படுகிறது. உலகம் முழுவதும் படித்தற்கு அது நல்லதே. ஆனால் காளானைப் பறிப்பவள் அவ்விதழைப் படிப்பவள் அல்லள். அவளுக்கு வேண்டுவது, அவள் சொல்லும் பெயரையும் அறிஞர் இட்ட பெயரையும் சேர்த்துத் தமிழில் எழுதிய விளக்கம். ஒவ்வொரு புதிய இனத்திற்கும் அதனை எழுதுவது ஆய்வாளர் கடமை எனல் மிகையன்று.

அதனால் உயிரும் காக்கப்பெறும். புல்வெளியில் வெண்குடையோடு தோன்றும் நச்சுக் காளான் ஒன்று உண்டு; குளோரோபில்லம் என்பது அதன் பேரினம். உண்டாரைக் கடும் வாந்தியிலும் வயிற்றுப்போக்கிலும் வீழ்த்துவது அது. மேலோட்டமாகப் பார்ப்பவன் அதனைப் புற்றுக்காளான் என்றே மயங்குவான். வெள்ளைத் தாளில் ஓரிரவு வைத்தால் வேறுபாடு புலப்படும்: நச்சுக் காளானின் துகள் பச்சையாகப் படியும், புற்றுக்காளானின் துகள் மங்கிய இளஞ்சிவப்பாகப் படியும். ஆயினும் இளஞ்சிவப்பைக் கண்ட அளவிலே உண்ணத் துணிதல் பிழை. அந்நிறத் துகளுடைய நஞ்சினங்களும் உள. பழகிய முதியோர் தாளையும் நம்புவதில்லை, குடையின் வெண்மையையும் நம்புவதில்லை. அவர்கள் தண்டைப் பற்றிப் பிடுங்காமல், மண்ணை மெல்லக் கிளறி, நீண்ட வேர் கறையான் அடைவரை செல்கின்றதா என்று பார்ப்பர்.