பெரியவர்களைப் பார்ப்பதிலும் பாடு முறை

சென்ற இதழில் கைக்குழந்தைக்குச் சளி பிடித்தால் என்ன செய்வது என்று எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு மீஞ்சூர் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் போட்டிருக்கிறார். "குழந்தை சமாசாரம் இருக்கட்டும் அக்கா. எங்க அத்தைக்குப் பக்கவாதம் வந்து மூணு மாசமா படுத்த படுக்கை. முதுகுக்குக் கீழே தோல் சிவந்து போச்சு. என்ன களிம்பு போடலாம்? பார்க்கிறதுக்கு நான் ஒருத்திதான்."

களிம்பைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். என் கண்ணை உறுத்தியது அந்தக் கடைசி வரி. கணவர், கொழுந்தனார் இருவர், உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்ட நாத்தனார் என்று கடிதத்தின் மேல் பாதியில் எழுதியவர், கீழே வந்ததும் "நான் ஒருத்திதான்" என்கிறார். எத்தனை வீட்டில் இந்தக் கதை, சகோதரிகளே!

நான் வாழ்க்கைப்பட்டு வந்தது பழவேற்காடு ஏரிக்கரை. இங்கே பொம்பளை என்றால் அடுப்படியோடு முடிந்துவிடுகிறவள் இல்லை. விடியற்காலையில் ஏலத்தில் மீன் எடுத்துக் கூடையோடு பஸ் ஏறுகிறவர்கள் உண்டு. முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் உண்டு. வீட்டுத் திண்ணையில் பனை ஓலைப் பெட்டி பின்னுகிறவர்களும் உண்டு. அன்றாடம் கை அசைந்தால்தான் காசு. இப்படிப்பட்ட வீட்டில் ஒரு பெரியவர் படுத்துவிட்டால் யாராவது ஒருத்தியின் பிழைப்பு நின்றுபோகிறது. பெரும்பாலும் மூத்த மருமகளுடையது.

எங்கள் தெருவில் ஒரு வீடு. பெயர் வேண்டாம். ஆயாவுக்கு 78 வயது, இடது கை, இடது கால் விழுந்துவிட்டது. மூன்று மகன்கள், பக்கத்துக் குப்பத்தில் ஒரு மகள். மூத்த மருமகள் பொன்னேரி மார்க்கெட்டில் மீன் விற்றுக்கொண்டிருந்தாள். இருபது நாள் கூடையைத் தொடவில்லை. சீட்டுப் பணம் கட்ட முடியவில்லை. தனியாகத் தூக்கித் தூக்கி இவளுக்கும் இடுப்பு பிடித்துக்கொண்டது. அத்தனை செய்தும் ஆயாவின் முதுகுத் தண்டு முடிகிற இடத்தில் ரூபாய்க் காசு அகலத்துக்கு ஒரு சிவப்பு. சமைக்கவும் துவைக்கவும் தண்ணீர் பிடிக்கவும் போகிற நேரத்தில் ஆயா நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம் ஒரே பக்கமாகக் கிடந்தார். வேறென்ன ஆகும்?

நாம் தூங்கும்போது நமக்குத் தெரியாமலே புரண்டு படுக்கிறோம். கை கால் விழுந்தவர்களால் அது முடியாது. உள்ளே எலும்பு, வெளியே கட்டில். நடுவில் மாட்டிக்கொண்ட தோலுக்கு ரத்தம் ஓடுவது தடைப்படுகிறது. சில மணி நேரம் அப்படியே இருந்தால் போதும், தோல் சாக ஆரம்பித்துவிடும். அதுதான் படுக்கைப் புண். அதனால்தான் 2 மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வையுங்கள் என்று நர்ஸ்கள் சொல்கிறார்கள். ஒரு நாளைக்கு 12 தடவை. ஒருத்தியால் ஆகிற காரியமா இது?

அன்றைக்கு ஆயாவின் தங்கை பார்க்க வந்திருந்தார். சிவப்பைப் பார்த்தார். மகன்கள் மூவரையும் நிற்க வைத்து ஒரே கேள்விதான் கேட்டார். "ஏரிக்குப் பாடு வைக்கத் தெரிஞ்ச உங்களுக்கு, ஆத்தாளுக்குப் பாடு வைக்கத் தெரியலையாடா?"

வெளியூர் வாசகிகளுக்காகச் சொல்கிறேன். பாடு என்றால் எங்கள் ஏரியில் முறை. நல்ல இறால் படுகிற இடம் கொஞ்சம்தான். வலை கட்ட எல்லாருக்கும் ஆசை. அதனால் ஊர் கூடி, தலைக்கட்டுக்கு இத்தனை நாள், இந்த இடம் என்று முறை போட்டுவிடுவார்கள். இன்றைக்கு உனக்கு நல்ல இடம் என்றால் நாளைக்கு எனக்கு. தலைமுறை தலைமுறையாக இப்படித்தான். இதைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வெளிநாட்டுப் படிப்பாளிகள்கூட வந்து போயிருக்கிறார்கள். பாடு என்றால் கஷ்டம் என்றும் அர்த்தம் இருக்கிறதே, அதையும் பங்கு போடலாம் என்று பெரியம்மா சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது.

அந்த வீட்டில் முறை போட்டார்கள். விடியற்காலை முறை மூத்த மகனுக்கு, ஏரிக்குப் போகுமுன். அப்புறம் நடு மருமகள். மதியம் வலையை உலர்த்திவிட்டு வருகிற சின்ன மகன். மாலையில் எட்டாவது படிக்கும் பேத்தி. தூக்குவது அவள் வேலை இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பதும் கஞ்சி ஊட்டுவதும் அவள் பொறுப்பு. ராத்திரி ஒரு நாள் விட்டு ஒரு நாள் மகன்கள். வாரத்தில் 2 நாள் மகள் வந்து தலைக்கு ஊற்றிவிட்டுப் போவாள். மூத்த மருமகள் திரும்பக் கூடையை எடுத்தாள். சின்ன மருமகளுக்கு இரண்டு மாதக் கைக்குழந்தை. பிரசவமான உடம்பில் தூக்குகிற வேலை கூடாது, அவளுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிற வேலை. இளம் தாய்மார்கள் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள், யாராவது கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள்!

தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்புறத்தில் மணியும், எந்தப் பக்கம் படுக்க வைத்தது என்பதும் குறித்து வைத்தார்கள். இடது, வலது, மல்லாக்க. முறை தவறினவர் உண்டியலில் 50 ரூபாய் போட வேண்டும். அந்தக் காசு டயாபருக்கு. நடு மகன் முதல் வாரத்திலேயே 150 ரூபாய் கட்டினார் என்று கேள்வி. பிறகு ஒழுங்காக வந்தார்.

"ஆம்பளைங்க எப்படி ஆத்தாளைப் பார்ப்பாங்க?" என்று சிலர் கேட்கிறார்கள். மலம், மூத்திரம் துடைப்பதும் குளிப்பாட்டுவதும் பெண்கள் செய்தால் ஆயாவுக்குக் கூச்சம் இருக்காது, சரி. புரட்டுவது, உட்கார வைப்பது, நகம் வெட்டுவது, சோறு ஊட்டுவது எல்லாம் மகன் செய்ய என்ன தடை? வலை இழுக்கிற கைக்கு ஆத்தாளைப் புரட்டுவது கனமா? எங்கள் வீட்டு ஆண்கள் மறுத்தால் நான் விடமாட்டேன்.

புரட்டுவதற்கு ஒரு பக்குவம் உண்டு. கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. பக்கவாதத்தில் விழுந்த தோள் அப்படித்தான் கழன்று வலி எடுக்கிறது. பழைய நூல் புடவையை நாலாக மடித்துத் தோளிலிருந்து தொடை வரைக்கும் குறுக்கே போட்டு வையுங்கள். இரண்டு பேர் இரண்டு பக்கமும் புடவையைச் சுருட்டிப் பிடித்து, படகு தள்ளுகிற மாதிரி ஒரே மூச்சில் தூக்கி நகர்த்த வேண்டும். தரதரவென்று இழுத்தால் தோல் உரியும். முழங்காலை மடக்கித் தூக்குங்கள், உங்கள் முதுகு பிழைக்கும்.

பக்கவாட்டில் படுக்க வைக்கும்போது இடுப்பு எலும்பு மேலேயே முழு எடையும் விழக் கூடாது. முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை அணை கொடுத்துக் கொஞ்சம் சாய்த்தாற்போல் படுக்க வையுங்கள். இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஒரு சின்னத் தலையணை. கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொன்று, குதிகால் மெத்தையில் படாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். விரிப்பில் சுருக்கம் இருக்கக் கூடாது. எங்கள் ஊரில் மணல் இன்னொரு தொல்லை. குழந்தைகள் காலோடு வருகிற மணல் கட்டிலுக்கு ஏறிவிடும். ஒவ்வொரு முறை புரட்டும்போதும் கையால் தடவித் தட்டிவிடுங்கள். ரப்பர் ஷீட் மேல் வெறும் உடம்பு படக் கூடாது, வேர்த்து ஊறும். மேலே பருத்தித் துணி போடுங்கள். காற்று மெத்தை வாங்க முடிந்தால் நல்லது, ஆனால் அது இருக்கிறதே என்று புரட்டாமல் விடக் கூடாது. நல்ல மெத்தையும் இருந்து தோலும் நன்றாக இருந்தால், ராத்திரி இடைவெளியைக் கொஞ்சம் நீட்டலாமா என்று நர்ஸிடம் கேளுங்கள்.

தினமும் ஒரு தடவை வெளிச்சத்தில் உடம்பைப் பாருங்கள். முதுகுத் தண்டின் அடி, இடுப்பின் இரண்டு பக்கம், குதிகால், கணுக்கால், முழங்கை, தோள்பட்டை, பின்மண்டை. சிவப்பை விரலால் அழுத்திப் பார்த்தால் வெளுக்க வேண்டும். வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் அது புண்ணின் ஆரம்பம். நம்மைப் போல மாநிறமும் கறுப்புமான தோலில் சிவப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். சுற்று இடத்தைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, கருநீலமாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். ஆரம்பத்தில் கண்டுபிடித்து அந்தப் பக்கம் படுக்க வைக்காமல் இருந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆயாவுக்குப் பத்து நாளில் மங்கியது.

சாப்பாட்டு விஷயம். பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்குவது தடுமாறும். படுக்க வைத்து ஊட்டினால் மூச்சுக் குழாயில் போய் நிமோனியாவில் கொண்டுவிடும். நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையைக் கொஞ்சம் தாழ்த்தச் சொல்லி, சின்ன ஸ்பூனில் கொடுங்கள். ஒரு வாய் விழுங்கின பிறகு அடுத்தது. இருமினாலோ குரல் தண்ணீரில் பேசுகிற மாதிரி கரகரத்தாலோ நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும். புண் ஆற புரதம் வேண்டும். மீன்காரர் வீட்டில் அதற்கா பஞ்சம்? மடவையில் முள் எடுத்துக் கொடுக்கிறேன் என்று துணிய வேண்டாம். சுறாப் புட்டை உதிர்த்துக் குழைந்த சோற்றில் பிசைந்து கொடுங்கள். முட்டை, பருப்பும் நல்லது. கருவாடு இல்லாமல் ஆயாவுக்குச் சோறு இறங்காதுதான். பிரஷர் உள்ளவருக்கு அந்த உப்பு ஆகாது. ஆசைக்கு வாசனை காட்டலாம் என்பேன், அதற்கு மேல் வேண்டாம்.

ஒன்று கவனித்தீர்களா? பெரியவர்கள் பலர் தண்ணீரே கேட்கமாட்டார்கள். குடித்தால் மூத்திரம் வரும், அடிக்கடி மருமகளைக் கூப்பிட வேண்டும் என்று அடக்கிக்கொள்வார்கள். நனைந்து கிடந்தாலும் சொல்லமாட்டார்கள். உடம்பு வறண்டால் புத்தி தடுமாறும், மலம் இறுகும். கூப்பிடுவதற்கு ஒரு மணியைக் கைக்கு எட்டும் இடத்தில் கட்டிவிடுங்கள், நல்ல கை இருக்கும் பக்கம். யார் முறையானாலும் "தண்ணி வேணுமா ஆயா?" என்று நாமாகக் கேட்க வேண்டும். அந்த நல்ல கைக்கு வேலையும் கொடுங்கள். எங்கள் தெரு ஆயா இப்போது ஒரு கையாலேயே சென்னாங்குன்னியில் தூசி பொறுக்குகிறார். பேத்தி சரியாகப் பொறுக்கவில்லை என்று திட்டுகிறார்.

குடும்பமே சிறிசு, முறை போட ஆள் இல்லை என்பவர்கள் கேரளத்தைப் பாருங்கள். 1993-ல் கோழிக்கோட்டில் வலி தணிப்புச் சிகிச்சைக்கென்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். பிறகு மலப்புரம் பக்கம் அக்கம்பக்கத்தார் குழுவாகவே அது பரவியது. வாரத்தில் 2 மணி நேரம் ஒதுக்க முடிந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்துப் படுத்தவர்களின் வீட்டுக்கு அனுப்பினார்கள். 2008-ல் அரசே அதற்குக் கொள்கை வகுத்தது. நம் தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. வீடு தேடி வந்து பிரஷர், சர்க்கரை மாத்திரை கொடுப்பதும், படுத்தவர்களுக்குப் பிசியோதெரபி, நர்ஸ் பராமரிப்பு கொடுப்பதும் அந்தத் திட்டத்தில் சேர்த்தி. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பெரியவர் பெயரைப் பதியச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம். முதியோர் உதவித்தொகையை 2023-ல் 1000 ரூபாயிலிருந்து 1200 ஆக்கினார்கள். அது வருகிற வீட்டில் அந்தப் பணம் ஆயாவின் துணிக்கும் மருந்துக்கும் போகட்டும், வலைக்கு நூல் வாங்க வேண்டாம்.

பக்கவாதம் வந்த அன்றைக்கே ஒன்று செய்ய வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன். வாய் கோணினால், ஒரு கை விழுந்தால், பேச்சு குழறினால் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று பார்த்துக்கொண்டு உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். வாயில் தண்ணீரோ மாத்திரையோ போடாதீர்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. மந்திரிக்கப் போனால் அந்த நேரம் போய்விடும்.

இனி களிம்பு. மீஞ்சூர் சகோதரிக்கும் மற்றவர்களுக்கும்: வெறும் சிவப்புக்குக் களிம்பு தேவையில்லை, அந்த இடத்தில் பாரம் விழாமல் இருந்தாலே போதும். சிவந்த இடத்தைத் தேய்த்துப் பிடித்துவிடாதீர்கள், உள்ளே இன்னும் சிதையும். நடுவில் ஓட்டை வைத்த ரப்பர் வளையமும் வேண்டாம், சுற்றியிருக்கிற ரத்த ஓட்டத்தை அது தடுக்கிறது. தோல் கிழிந்துவிட்டால் மஞ்சள், சாம்பல், பவுடர், ஸ்பிரிட் எதுவும் போடக் கூடாது. கொதிக்க வைத்து ஆறின உப்புத் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் மூடி, நர்ஸிடம் காட்டிக் கட்டுப் போடக் கற்றுக்கொள்ளுங்கள். கறுத்தாலோ, சீழ் வைத்தாலோ, நாற்றம் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, பெரியவர் திடீரென்று ஆளை அடையாளம் தெரியாமல் பேசினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. முறை யாருடையது என்று அப்போது பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

மூக்குக் குழாய் வழியாக உணவு கொடுப்பது பற்றி இரண்டு சகோதரிகள் கேட்டிருக்கிறார்கள். இங்கே இடம் போதவில்லை, அடுத்த இதழில் எழுதுகிறேன்.