எழுத்துக்கும் பட்டா வேண்டும்

தமிழுக்கு யாரோ அநீதி செய்துவிட்டார்கள் என்று புலம்புவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. குற்றம் எப்போதும் வெளியூர்க்காரன் தலையில் போய் விழும். கம்ப்யூட்டரில் தமிழ் படும் பாட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் என் நண்பர்கள் இந்தப் பல்லவியைத்தான் பாடுகிறார்கள்.

யந்திரத்துக்கு எண்தான் தெரியும். ஆகவே எழுத்துக்கு எண் கொடுத்தாக வேண்டும். நான் இருப்பது புதுச்சத்திரம். ஊர்ப் பெயரை வைத்தே சொல்கிறேன். யூனிகோட் என்பது உலக எழுத்துக்களுக்கெல்லாம் பொதுவாகக் கட்டிய பெரிய சத்திரம். ஓர் எழுத்துக்கு ஓர் அறை, அதற்கு ஓர் எண். 1991-ல், இந்தியாவிலேயே 1988-ல் வகுத்த 'இஸ்கி' முறையைப் பின்பற்றி, தமிழுக்கு 128 அறைகள் ஒதுக்கினார்கள்.

நண்பர்களின் வழக்கு இது: சீன எழுத்துக்கு ஆரம்பத்திலேயே 20,902 அறைகள். கொரிய மொழிக்கு அடிப்படை எழுத்து 24-தான். ஆனாலும் அவை கூடிப் பிறக்கும் 11,172 அசைகளுக்கும் தனித்தனி அறை. நம் 247-க்கு இடமில்லையாம்! 'க்' என்பது நமக்கு ஓரெழுத்து. யந்திரத்துக்கோ 'க' ஒன்று, புள்ளி ஒன்று, ஆக இரண்டு. மெய்யின்மேல் அகரம் ஏறுவது நம் இலக்கணம். ஏறிய அகரத்தைப் புள்ளி வைத்து இறக்குவது அவர்கள் கணக்கு. கடைசியில் நிற்க வேண்டிய 'ன'வை 'ந'வுக்குப் பக்கத்தில் குடிவைத்திருக்கிறார்கள்.

வழக்கு நியாயமானதுதான். ஆனால் கொரியர்கள் என்ன செய்தார்கள்? முதலில் கிடைத்த 6,656 போதாதென்று விடாமல் வாதாடி, 1996-ல் முழுவதையும் வாங்கிவிட்டார்கள். வேறிடத்துக்குக் குடிமாற்றிய அந்த அமளியைப் பார்த்த பிறகுதான், கொடுத்த எண்ணை இனி மாற்றுவதில்லை என்று சத்திரத்தார் கதவைச் சாத்தினார்கள். கதவு திறந்திருந்த காலத்தில் நாம் ஆளுக்கொரு எழுத்துரு செய்துகொண்டிருந்தோம். 1999-ல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூடி, 'டாம்', 'டாப்' என்று இரண்டு தரம் பிறந்தது. இணையத்தில் பழகியவர்கள் 'டிஸ்கி' என்று வேறொன்று வைத்திருந்தார்கள். 2010-ல் தமிழக அரசு யூனிகோடையும், 247-க்கும் தனி இடம் தரும் 'டேஸ் 16' முறையையும் சேர்த்தே அங்கீகரித்தது. டேஸ் 16 நிற்பது எங்கே? யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும் என்று யூனிகோட் விட்டுவைத்த காலி மனையில். எங்கள் பக்கத்தில் இதற்குப் புறம்போக்கு என்று பெயர். வீடு அழகாயிருக்கலாம், பட்டா கிடையாது.

வரிசைக் கோளாறை விதி எழுதிச் சரிசெய்யலாம்; செய்தும் இருக்கிறார்கள். சரிசெய்ய வேண்டிய பெரிய கோளாறு நம் அச்சுக்கூடங்களில் இருக்கிறது. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால், யந்திரம் எழுதிக்கொள்வது ஆங்கில ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி! நம் கண்ணுக்கு மட்டும் தமிழ் வேஷம். அந்த எழுத்துரு இல்லாத யந்திரத்தில் வேஷம் கலைந்துவிடும். எழுத்து இப்படி உருக்குலைவதற்கு ஜப்பானியர் 'மோஜிபாகே' என்று ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள்.

என் பழைய நாவல் ஒன்றை மறுபதிப்புச் செய்ய எண்ணி, அச்சிட்டவர்களிடமிருந்து கோப்பை வாங்கித் திறந்தேன். முந்நூறு பக்கமும் மோஜிபாகே. எழுத்துருவின் பெயரைக் கேட்டேன். அங்கே யாருக்கும் ஞாபகமில்லை. பெயர் தெரிந்தால் மாற்றித் தரக் கருவிகள் உண்டு. தெரியாவிட்டால் புத்தகத்தைப் பார்த்து மறுபடி அடிக்க வேண்டியதுதான். என்னிடமாவது ஒரு பிரதி இருந்தது. பிரதியும் மிஞ்சாத எழுத்தாளனுக்கு யார் பதில் சொல்வது?

247 அறைக்காகக் கொடி பிடிக்கிறவர்களை நான் கேட்பது இதுதான்: கிடைத்த அறைகளில் குடியேறினோமா? ஒரு கோப்பு யூனிகோடில் இருந்தால் எந்த ஊரிலும் திறக்கும். தேடினால் சொல் அகப்படும். சங்க மலருக்கோ குடும்ப வரலாற்றுக்கோ அச்சுக்கூலி கொடுக்கும்போது, யூனிகோடில் கோப்பு கொடு என்று கேளுங்கள். கொடுத்த பிறகு மிச்சப் பணத்தைக் கொடுங்கள்.