பேரன்பு படமும் கேற்றடியில் நிற்கும் தகப்பன்மாரும்

 

படங்களைப் பற்றி எழுதுகிற ஆள் நானில்லை. போன கிழமை மயிலிட்டியில் நித்திரை வராத ஒரு இரவு, ராம் எடுத்த 'பேரன்பு' படத்தை இரண்டாம் தரம் பார்த்தேன். 2019 பெப்ரவரியில் தியேட்டருக்கு வந்த படம். அப்போது எனக்குப் பிள்ளை இல்லை. இப்போது மகளுக்கு நாலு வயது. அவள் புத்தளத்தில், நான் இங்கே. இரண்டு கிழமைக்கு ஒருதரம் பஸ் ஏறிப் போய் இறங்கினால் முதல் ஒரு மணித்தியாலம் உம்மாவின் பின்னால் ஒளிந்து நின்று பார்க்கிறாள்.

கதை பலருக்குத் தெரியும். வருஷக்கணக்காக டுபாயில் உழைத்துக் காசு அனுப்பிய அமுதவன் (மம்முட்டி) ஊருக்கு வருகிறான். மனைவி வேறொருவரோடு போய்விட்டாள். பெருமூளை வாதமுள்ள மகள் பாப்பா அவன் கையில். சொந்தமும் அயலும் முகம் சுளிக்க, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மலையில் ஒரு ஏரிக்கரை வீட்டுக்குப் போகிறான்.

இதைத் தியாகத் தகப்பனின் கதை என்று கொண்டாடினார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. அவன் பிந்தி வந்த தகப்பன். பிள்ளைக்கு அவனைத் தெரியாது, கிட்டப் போனால் விலகுகிறாள். ஆடிப் பார்க்கிறான், நாய் மாதிரிக் குரைத்துப் பார்க்கிறான், அவள் கவனிப்பதாயில்லை. அவள் பெரிய பிள்ளையானதும் என்ன செய்வதென்று தெரியாமல் முழிக்கிறான். இவ்வளவு காலமும் இதையெல்லாம் தனியாகப் பார்த்தவள் அந்த மனைவிதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. (கடைசிப் பகுதியில் எனக்கு உடன்பாடில்லாத இடங்கள் உண்டு. சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பார்க்கிற படமும் இல்லை.)

எங்கட பக்கம் வருவோம். விவாகரத்து என்று வந்தால் எங்கட பேச்சு முழுக்கக் காசுதான். 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி தாபரிப்பைக் காதியார் தீர்மானிப்பார். பிள்ளை யாரிடம் இருப்பது என்பது அவருடைய அதிகாரத்துக்குள் வராது, அதற்கு மாவட்ட நீதிமன்றம் போக வேணும். அலைச்சலுக்கும் செலவுக்கும் பயந்து போகாமல் விடுகிறவர்கள் உண்டு. அதனால் மாதம் எவ்வளவு என்பது முடிவாகிவிடும். எந்த நாள் வந்து பிள்ளையைப் பார்ப்பது என்பது ஒருவருடைய வாயிலும் வராது. காசு கட்டினால் கடமை முடிந்தது என்று வாப்பா நினைக்கிறார். காசு கட்டாதவனுக்குப் பிள்ளையைக் காட்டமாட்டோம் என்று மாமனார் வீடு நிற்கிறது. சமரசம் பேசப் போகிற நாங்களும் தொகை முடிந்ததும் தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பி வந்துவிடுகிறோம். நானும் அப்படி ஒருதரம் வந்திருக்கிறேன்.

மற்றச் சமூகத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. முந்தி நான் படிப்பித்த ஒரு இடத்தில் (யார் என்று தேட வேண்டாம்) பிரிந்துபோன தகப்பன் ஒருவர் பள்ளிக்கூடம் விடுகிற நேரம் ஐஸ் பழம் வாங்கிக்கொண்டு கேற்றடியில் நிற்பார். உள்ளே வரமாட்டார். பிள்ளை வருவதற்குள் பாதி உருகிவிடும். பெற்றோர் கூட்டத்துக்கு நாங்கள் தாய்க்கு மட்டும்தான் கடிதம் அனுப்பினோம். தகப்பனுக்கும் ஒன்று அனுப்பலாம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. கலாசாலையில் பிள்ளை உளவியல் படித்த ஆள் நான்! பாடக் குறிப்பில் பக்கம் பக்கமாகத் தாய் இருந்தா, தகப்பன் இரண்டு வரியில் வந்துபோனார்.

ஆகவே இரண்டு கேள்வி. அடுத்த முறை சமரசத்துக்குக் கூடும்போது, காசுக்கு முன்னால் எந்த நாள், எந்த வீடு, யார் கூட்டிக்கொண்டு வருவது என்று எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்க முடியாதா? வன்முறை செய்தவனைப் பற்றி நான் பேசவில்லை, அது வேறு கதை. ஆசிரியர்களுக்கு மற்றது: வரவிருக்கும் பெற்றோர் கூட்டத்துக்கு எத்தனை தகப்பன்மாருக்குத் தனியாகக் கடிதம் போகும்?

என்னுடைய வகுப்பில் மூன்று போகிறது. இன்றைக்குக் காலையில் எழுதி முடித்தேன்.