ஒரு சிப்பம் அரிசி கனம் கூட இருந்தும் தோற்றார்! ஒல்லி வீரர்கள் ஜெயிப்பது எப்படி?

கள்ளக்குறிச்சி:

அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவருக்கு 25 கிலோ சிப்பத்தின் கனத்தைச் சொல்லித் தர வேண்டியதில்லை. நம்மைவிட அந்த அளவு எடை கூடுதலான ஆள் எதிரே நின்று முகத்தில் குத்தினால் எப்படி இருக்கும்?

சவுதி தலைநகர் ரியாத்தில் 2024 டிசம்பர் 21-ந்தேதி அதுதான் நடந்தது. இங்கிலாந்து வீரர் டைசன் பியூரி சுமார் 127 கிலோ. உக்ரைன் வீரர் உசிக் சுமார் 102 கிலோ. உயரத்திலும் பியூரிதான் பெரிய ஆள். 12 ரவுண்டு முடிந்ததும் 3 நடுவர்களும் உசிக் பக்கமே தீர்ப்பு சொன்னார்கள். அதே ஆண்டு மே மாதமும் பியூரி இவரிடம்தான் உதை வாங்கினார்.

இத்தனை எடை வித்தியாசத்தை எப்படி அனுமதித்தார்கள்? ஹெவிவெயிட்டுக்கு மேல் வரம்பு கிடையாது. 90 கிலோ சொச்சம் தாண்டிவிட்டால் யாரும் அந்தப் பிரிவில் மோதலாம். உசிக்கே முன்பு அந்த 90 கிலோ பிரிவில் சாம்பியனாக இருந்தவர்தான்.

காலில் இருக்கு சூட்சுமம்

கனமான ஆளின் குத்தில் பலம் அதிகம். அதில் சந்தேகமே வேண்டாம். கட்டிப்பிடித்து மேலே சாய்ந்தாலே சின்ன ஆளுக்கு மூச்சு வாங்கிவிடும். ஆனால் அந்த உடம்பை 12 ரவுண்டும் சுமந்து ஆடுவதும் அவர்தானே! சின்ன வீரர் ஒரே இடத்தில் நிற்க மாட்டார். குத்துவார், பக்கவாட்டில் நழுவுவார். பெரியவர் திரும்புவதற்குள் அடுத்த குத்து விழும்.

2010-ல் பிலிப்பைன்ஸ் வீரர் பாக்கியாவ் இப்படித்தான் தன்னைவிட 7 கிலோவுக்கு மேல் கனமான மார்கரிட்டோவை நொறுக்கினார். கண்ணைச் சுற்றியுள்ள எலும்பே முறிந்து போனது.

நம்ம மேரி கோம் கதை

48 கிலோ பிரிவில் 2010-ல் உலக சாம்பியன் ஆனவர் மேரி கோம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 51, 60, 75 கிலோ என 3 பிரிவுகள் மட்டுமே. வேறு வழியில்லாமல் 51-க்கு ஏறினார். முதல் போட்டியில் எதிரே வந்த போலந்து வீராங்கனை 54 கிலோவில் உலகப்பட்டம் வென்றவர்! 19-14 என அவரையே சாய்த்தார் மேரி. ஆனால் அரையிறுதியில் இங்கிலாந்தின் நிக்கோலா ஆடம்சிடம் 6-11 என தோற்று வெண்கலத்தோடு திரும்பினார். எதிராளியும் அதே அளவு வேகமாக இருந்தால் சின்ன உடம்புக்குக் கஷ்டம்தான்.

இன்னொரு விஷயம் கவனிச்சீங்களா? உசிக், பாக்கியாவ், மேரி மூவருமே இடது கை ஆட்டக்காரர்கள். குத்து வரும் கோணமே மாறிவிடும். பெரிய ஆளுக்குப் பாதி குழப்பம் அதிலேயே.

வெள்ளிமலை, சேராப்பட்டு பக்கம் மேடும் பள்ளமும் ஏறி இறங்குகிற பசங்களுக்குக் கால் பலத்துக்குக் குறைவில்லை. "ஒல்லியா இருக்கான், இவனுக்கு எதுக்கு பாக்சிங்" என்று ஒதுக்க வேண்டாம். அவன் எடைக்கும் தனிப்பிரிவு உண்டு. ஆனால் உசிக்கைப் பார்த்துவிட்டு, பழகுகிற பையனைப் பெரிய ஆளோடு மோதவிடுவது ஆபத்து. தலையில் விழுகிற அடி லேசுப்பட்டதில்லை. எடையைக் குறைக்கிறேன் என்று சோறு தண்ணி இல்லாமல் போடுவதும் அப்படித்தான். முறையான அமெச்சூர் போட்டி என்றால் காலையில் எடை மெஷினில் ஏற்றி, டாக்டர் பார்த்த பிறகுதான் கிளவுஸ் மாட்டுவார்கள். பையனைச் சேர்க்கப் போகிற அப்பா அம்மா முதலில் விசாரிக்க வேண்டியது இந்த ரெண்டையும்தான்.