குடகுக்குப் போன ஓ.டி.பி.

போன தை மாதம் எங்கள் மலையிலுள்ள ஜமுனாமரத்தூர் இ-சேவை மையத்துக்கு என் ஊர்ப் பெண் ஒருத்தியோடு துணைக்குப் போயிருந்தேன். மகளின் உதவித்தொகைக்கு வருமானச் சான்றிதழ் வேண்டும். விடியற்காலையிலேயே கிளம்பி நடந்து வந்திருந்தோம். கணினி முன்னாலிருந்த தம்பி, "ஓ.டி.பி. போயிருக்கு, சொல்லுங்கக்கா" என்றார். அது போனது குடகுக் காப்பித் தோட்டத்தில் பழம் பறித்துக்கொண்டிருந்த அவள் வீட்டுக்காரர் போனுக்கு. கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே. அடுத்தடுத்து மூன்று முறை அனுப்பிப் பார்த்தார் தம்பி. அதற்குள் மதியமாகிவிட்டது. முந்தானையில் முடிந்துவைத்திருந்த பணத்தைப் பிரிக்காமலே அவள் என்னோடு திரும்பி நடந்தாள்.

அந்த வீட்டில் போன் இருக்கிறது. கணக்கெடுக்க வருகிறவர் 'உண்டு' என்று எழுதிக்கொண்டு போவார். ஆனால் அது அவளுடைய போன் இல்லை. பிழைப்புக்குக் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் இறங்கும் ஆண்களோடு போனும் இறங்கிவிடுகிறது. சாமைக் காடும் பிள்ளைகளும் ரேஷன் கார்டும் மலையில் பெண்கள் பொறுப்பில். இணையத்தை ஒரு முறையாவது பயன்படுத்திய பெண்கள் நூற்றுக்கு 33, ஆண்கள் 57 என்றது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு. இது நாடு முழுமைக்குமான கணக்கு, நகரமும் சேர்த்து.

போன் கையில் இருந்தால் மட்டும் போதாது, டவரும் வேண்டும். நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளராக இருந்தவள் நான். 2023 ஜனவரி 1 முதல் வருகைப்பதிவு செயலியில்தான் என்றார்கள். ஒரு நாளைக்கு இரண்டு படம். எடுப்பதற்கு டவர் தேவையில்லை, ஏற்றுவதற்குத் தேவை. வேலை முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போக, நான் மட்டும் பாறைமேல் ஏறி நிற்பேன். அந்தப் பாறைக்கு எங்கள் பிள்ளைகள் வைத்த பெயர் டவர் பாறை.

வேறு மாதிரியும் செய்ய முடிந்திருக்கிறது. 1998 வாக்கில் புதுச்சேரிக் கிராமங்களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தகவல் மையங்கள் தொடங்கியது. எம்பலத்தில் கோயில் வளாகத்திலேயே கணினியை வைத்துப் பெண்கள் நடத்தினார்கள். வீராம்பட்டினத்தில் அலையின் உயரத்தை ஒலிபெருக்கியில் சொன்னார்கள். யார் வீட்டில் கருவி இருக்கிறது என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. இருபத்தைந்து வருடம் கழித்து, ஒவ்வொரு சேவையையும் ஒரு போன் எண்ணோடு முடிச்சுப் போட்டுவிட்டு, அந்த எண் யாருடையது என்று கேட்காமல் விட்டது பெரிய தவறு.

மலைக்கெல்லாம் டவர் வர நாளாகலாம், ஓ.டி.பி.க்கு அதுவரை காத்திருக்க வேண்டாம். ஜமுனாமரத்தூரில் டவர் எடுக்கிறது. பட்டன் போன் ஒன்று போதும். தேவை, வீட்டுப் பெண்ணின் பெயரில் ஒரு சிம்மும் ஆதாரில் அந்த எண்ணும். ஆதாரில் எண்ணை மாற்றித் தரும் முகாமை, திருவண்ணாமலை, திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகங்கள் மலையூர்களுக்கே கொண்டுவர வேண்டும். மகளிர் குழு கூடும் நாளில் வாருங்கள், எல்லோரும் இருப்போம்.

என்னோடு வந்தவளின் மகளுக்கான விண்ணப்பம் இன்னும் போகவில்லை.